‘மேப் போடுற படிப்பா சார்?’ என்று கேட்ட அப்பாவுக்கு

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மகளுக்குக் கவுன்சிலிங்கில் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் (நிலத்தை அளந்து, படமெடுத்து, கம்ப்யூட்டரில் வரைபடமாக்குகிற படிப்பு) கிடைக்கும்போல் இருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமென்றால் வேறு கல்லூரிக்குப் போகவேண்டும், ‘மேப் போடுற படிப்பா? அதுக்கு நாலு வருஷமா?’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், படிப்பு, ஆராய்ச்சி, அரசுக்கு சேவை என்று மூன்று வேலை செய்வதாகச் சொல்கிறார்களே அங்கே உண்மையில் என்னதான் நடக்கிறது, கடைசியாக, லேப்டாப் எது வாங்குவது. நான் கிண்டியில் படித்தவன் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரித் துறையில் படித்துவிட்டு பதினைந்து வருடமாக இந்த வேலையில்தான் என் சோறு, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில். மேப் போடுகிற படிப்பு என்பது சரிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் கிண்டிக் கல்லூரியே அப்படித்தான் பிறந்தது. 1794-இல் கம்பெனிக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் நிலம் அளக்கப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார்கள், மைக்கேல் டாப்பிங் என்பவர் முயற்சியில். அதுதான் வளர்ந்து, பெயர் மாறி, 1920-இல் கிண்டிக்கு இடம் மாறி, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பொறியியல் கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் அந்த வீட்டில் பின்னால் பிறந்த தம்பிதான், சர்வேதான் மூத்த பிள்ளை. அந்தப் பள்ளி வந்து எட்டு வருடம் கழித்து, 1802 ஏப்ரலில், பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த வேலை அந்தக் கோட்டில்தான் தொடங்கியது. மெட்ரோவில் போகும்போது அந்த மலையைப் பார்த்தால் மகளுக்குச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்கும் துறை 1982-இல் தொலையுணர்வுக்கான (செயற்கைக்கோளிலிருந்தோ விமானத்திலிருந்தோ படமெடுத்துத் தரையைப் படிப்பது) மையமாகத் தொடங்கியது, இன்றைக்கு இன்ஸ்டிடியூட் ஆஃப் ரிமோட் சென்சிங், சுருக்கமாக ஐ.ஆர்.எஸ். (வருமான வரி ஆபீஸ் இல்லை, சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது கவனம், ரெய்டு என்று நினைத்துவிடுவார்கள்.) வந்த காலத்தைப் பாருங்கள், இதே ஐ.ஆர்.எஸ். என்ற பெயரில் இந்தியா விட்ட தொலையுணர்வுச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது மேலே போனதே 1988 மார்ச்சில்தான். அதற்கு முன்னால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தையும் விமானத்திலிருந்து எடுத்த போட்டோவையும் வைத்துத்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்த விமானப் போட்டோவில் ஒரு வித்தை உண்டு. ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்ற கண்ணாடிப் பெட்டியின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைப் பழக்கி, மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஒரு நொடியில் குன்று அப்படியே மூக்கை இடிக்கிற மாதிரி எழும்பி வரும். முதல் தடவை எனக்கு எழும்பவே அரை மணி நேரம் ஆனது, பக்கத்தில் இருந்த பெண் ‘ஐயோ’ என்று கத்தினதும்தான் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது, அப்புறம் பொறாமையில் எனக்கும் தெரிந்தது. இப்போது அதே வேலையைக் கார்ட்டோசாட் என்ற நம் செயற்கைக்கோளின் ஜோடிப் படத்தையோ ட்ரோன் படத்தையோ வைத்து மென்பொருள் செய்துவிடும், இருந்தாலும் கண்ணால் பார்த்தவர்களுக்கும் பட்டனை மட்டும் அமுக்கினவர்களுக்கும் பிற்பாடு வேலையில் வித்தியாசம் தெரியும் என்பது என் கட்சி.

பாடம் என்று பார்த்தால் சர்வே, ஜி.பி.எஸ்., போட்டோகிராமெட்ரி (போட்டோவை வைத்து அளப்பது), செயற்கைக்கோள் படத்தைப் பிரித்துப் படிப்பது, ஜி.ஐ.எஸ். (வரைபடத்தையும் அதன் தகவலையும் கம்ப்யூட்டரில் அடுக்கிக் கையாள்வது), அதற்கு வேண்டிய கணக்கு, கொஞ்சம் புரோகிராமிங், கொஞ்சம் நிலவியல், நீரியல். இதில் எல்லோரும் தூங்குகிற வகுப்பு ஒன்று உண்டு, புரொஜெக்‌ஷன், டேட்டம் என்று உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் எப்படி விரிப்பது என்கிற வகுப்பு. நானும் தூங்கினேன். அதன் விலையைச் சொல்கிறேன்.

பூமியை ஆறாறு டிகிரியாகப் பட்டை பட்டையாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், யு.டி.எம். ஸோன் என்று. 78 டிகிரி தீர்க்கரேகையில் 43-ஆம் பட்டை முடிந்து 44 தொடங்கும். அந்த ரேகை தமிழ்நாட்டை நெடுக்காகப் பிளந்துகொண்டு போகிறது. கோவை, ஈரோடு மேற்கே 43-இல், சேலம், மதுரை, சென்னை கிழக்கே 44-இல், திண்டுக்கல் கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திண்டுக்கல் மாவட்டத்து நீர்நிலைகளை ஒரே கோப்பாகச் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டு ஆட்கள் இரண்டு பட்டையில் வரைந்து வைத்திருந்தார்கள், நான் எல்லாவற்றுக்கும் 44 என்று போட்டு இரவோடு இரவாக அனுப்பிவிட்டேன். காலையில் மேலாளர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக் குளங்கள் எல்லாம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளி, இலங்கையையும் தாண்டி வங்காள விரிகுடாவில் மிதந்துகொண்டிருந்தன. கடலுக்குள் போனதால் தப்பித்தேன், யாரும் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான ஆபத்து சின்னப் பிழையில்தான். சர்வே துறை அச்சிட்ட பழைய நில வரைபடங்கள், டோப்போ ஷீட் என்போம், எல்லாம் எவரெஸ்ட் என்ற பழைய அளவுக் கணக்கில் போட்டவை, ஜி.பி.எஸ். வேறு கணக்கு, இரண்டையும் மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நம் ஊர்ப்பக்கம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நூறு மீட்டர் நகர்ந்தால் படம் அழகாகத்தான் இருக்கும், ஒருவருடைய கிணறு மட்டும் அடுத்தவர் நிலத்துக்குள் போயிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், இப்படிப்பட்ட ஒரு துறை நல்லதா என்று பார்க்க அங்கே என்ன மென்பொருள் இருக்கிறது என்று கேட்காதீர்கள், பிள்ளைகளை எத்தனை நாள் வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். நாங்கள் கிரவுண்ட் ட்ரூத் என்போம், படத்தில் பார்த்தது தரையில் அதுதானா என்று நேரில் போய்ச் சரிபார்ப்பது. செயற்கைக்கோள் படத்தில் செடி கொடி எல்லாம் சிவப்பாகத் தெரிகிற மாதிரி ஒரு நிறச் சேர்க்கை உண்டு. இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், அந்த ஒளியைப் படத்தில் சிவப்பாகக் காட்டுவதால் அப்படி. நான் கடைசி வருடப் புராஜெக்டில் ராமநாதபுரம் பக்கம் ஒரு பகுதியை எடுத்து நிலப்பயன்பாட்டு வரைபடம் போட்டேன். அதில் ஒரு பெரிய சிவப்புத் திட்டு, நல்ல அடர்த்தி, ‘அடர்ந்த காடு’ என்று வகைப்படுத்தி, காட்டின் பரப்பு இத்தனை ஹெக்டேர் என்று அட்டவணையும் போட்டாகிவிட்டது. பேராசிரியர் பார்த்துவிட்டு, ராமநாதபுரத்தில் அடர்ந்த காடா, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். பஸ்ஸில் இறங்கி, வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்து போனால் ஒரே சீமைக்கருவேலம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இது என்ன காடு தாத்தா என்று கேட்டேன். ‘காடா? நீ நிக்கிறதே மடைமேலதான்யா’ என்றார். குனிந்து பார்த்தால் காலடியில் மடையின் கல். அது கண்மாய். தண்ணீர் வந்து பல வருடமாகி, உள்வாய் முழுக்கக் கருவை முளைத்து, மேலே இருந்து பார்க்கிற கண்ணுக்குக் காடாகிவிட்டது. அதே ஊருக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி இதற்கு நேர் எதிர்: படத்தில் பயிர் என்று தெரிந்தது ஆகாயத்தாமரை மூடின ஊருணி. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன, இவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எது கருவைக்காடு, எதன் மேல் பஸ் ஸ்டாண்டு நிற்கிறது என்று தெரிந்துகொள்ள செயற்கைக்கோள் இல்லாமல் முடியாது, செயற்கைக்கோளை மட்டும் நம்பினாலும் முடியாது.

ஆராய்ச்சி என்று அவர்கள் சொல்வதும் இதன் நீட்சிதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் ஒரு தொலையுணர்வுத் துறை இருக்கிறது, அங்கே நடந்த ஒரு வேலையை உதாரணத்துக்குச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. டெல்டாவில் சம்பா நடவு முடிந்து பயிர் நிற்கும்போது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேலே மேகம்தான், சாதாரணப் படம் எடுத்தால் பஞ்சு மூட்டைதான் தெரியும். ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகம் ஒரு பொருட்டில்லை, அதுவே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது, ராத்திரியிலும் எடுக்கும். உழுது தண்ணீர் கட்டின வயல் கண்ணாடி மாதிரி, அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், படத்தில் அந்த இடம் கறுப்பு. நாற்று நட்டுத் தூர் கட்டி வளர வளர அலை தண்டிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி வரும், வெளுத்துக்கொண்டே போகும். ஐரோப்பாவின் சென்டினல்-1 பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே அதே பாதையில் வரும், அந்தப் படங்களை வரிசையாக அடுக்கினால் ஒவ்வொரு வயலும் எப்போது கறுத்தது, எப்போது வெளுக்க ஆரம்பித்தது என்று பார்த்து நடவுத் தேதியையே சொல்லிவிடலாம். கறுக்கவே இல்லை என்றால் அந்த வயலில் தண்ணீர் கட்டி நடவில்லை என்று பொருள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் வேறு சிலரோடும் சேர்ந்து ரைஸ் என்ற திட்டத்தில் இதைப் பழக்கி, விதைக்கவே முடியாமல் போன ஊர்களுக்குப் பயிர்க் காப்பீடு கொடுக்கிற கணக்குக்குத் தமிழ்நாட்டில் பயன்படுத்தினார்கள். ஆய்வுக் கட்டுரையாக இருந்தது ஒரு விவசாயியின் பேங்க் பாஸ்புக்கில் வரியாக வந்து விழுகிறது, பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியில் இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் வேறு போயிருக்கிறது, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ரேடார், எல் பாண்ட், எஸ் பாண்ட் என்று இரண்டு அலைநீளத்திலும் படம் எடுக்கும். உங்கள் மகள் மூன்றாம் வருடம் வரும்போது அந்தத் தரவு குவிந்து கிடக்கும், கையாள ஆள்தான் வேண்டும்.

சரி, சேவை. இதைத்தான் நீங்கள் புரியவில்லை என்றீர்கள், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கடற்கரையில் கட்டடம் கட்ட ஒழுங்குமுறை இருக்கிறதே, சி.ஆர்.இசட். என்று, 1991-இல் வந்தது, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதினார்கள். அதன் உயிர் முழுக்க ஒரு கோட்டில் இருக்கிறது: உயர் அலைக் கோடு, பெரிய ஏற்றத்தில் தண்ணீர் கரையில் எதுவரைக்கும் வருகிறதோ அந்த எல்லை. அங்கிருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் ஒழுங்குமுறைக்குள். கிராமப்புறத்தில் 2011 விதிப்படி 200 மீட்டர் வரை புதிதாகக் கட்டக்கூடாது, 2019-இல் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழ்கிற இடங்களுக்கு அதை 50 மீட்டர் ஆக்கிவிட்டார்கள். கேட்கச் சுலபம். அந்தக் கோடு எங்கே? கடற்கரையில் யாரும் பெயின்ட் அடித்து வைக்கவில்லை. மணல் மேடு எங்கே எழும்புகிறது, நிலையான செடி எங்கே ஆரம்பிக்கிறது, அலையாத்தி எங்கே முடிகிறது, கல் கொட்டின இடமா என்று பார்த்து, படத்தில் குறித்து, ஜி.பி.எஸ். கருவியோடு கரையில் நடந்து போடவேண்டும். நாடு முழுக்க அந்தக் கோட்டைப் போடுகிற பொறுப்பு இப்போது சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கும் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையத்திடம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் துறைமுகமோ ஆலையோ ஓட்டலோ வருகிறது என்றால் 1:4000 அளவில் தனி வரைபடம் வேண்டும், அதைப் போட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களில் கிண்டி ஐ.ஆர்.எஸ். நெடுநாளாக ஒன்று.

1:4000 என்றால் என்ன தெரியுமா? தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் நான்கு மீட்டர். பால்பாயின்ட் பேனா சற்றுத் தடித்தால் ஒருவருடைய திண்ணை உள்ளே போய்விடும். அதற்கு மேலே இன்னொரு சிக்கல், அந்தக் கோட்டைக் கிராமப் புலப்படத்தின் (ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் காட்டுகிற வருவாய்த் துறைப் படம்) மேல் வைத்து எந்த சர்வே எண் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்று சொல்லவேண்டும். புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது, கல்லுக்குக் கல் தூரம்தான் எழுதியிருக்கும். அதனால் ஊர் எல்லைக் கல்லைத் தேடிப் போகவேண்டும், மூன்று ஊர் எல்லை சேரும் கல் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாதி கல்லைக் காணோம், மீதி கல்லில் ஒன்று கோயிலில் மாலையோடு நிற்கும், அதைப் பிடுங்கிப் பார்க்க யாருக்குத் துணிச்சல்.

அப்புறம் மணல். மீனவக் குப்பத்துக்கு முன்னால் இருக்கிற மணல் படத்தில் வெள்ளையாக, ஒன்றுமே இல்லாமல் தெரியும், படிக்கிற பிள்ளை ‘வெற்று நிலம்’ என்று எழுதிவிடும். போய் நின்றால் அதில் ஒரு பக்கம் போட் ஏற்றுகிற இடம், ஒரு பக்கம் வலை பிரித்துக் காயப்போட்டுச் சரிசெய்கிற இடம், அந்த ஓரம் கருவாடு, நடுவில் ஏலம். காலை எட்டு மணிக்குப் போனால் நடக்க இடம் இருக்காது, செயற்கைக்கோள் வருகிற பத்தரை மணிக்கு எல்லாவற்றையும் சுருட்டிவிட்டிருப்பார்கள். மீன் உலர்த்துகிற இடம், மீனவர்களின் பொதுச் சொத்து எல்லாவற்றையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது. வரைபடத்தில் விட்டுப்போனால் நாளைக்கு யாராவது அந்த மணலை வாங்கவோ வளைக்கவோ வரும்போது ‘காலியிடம்தானே’ என்று அதே தாளைக் காட்டுவார்கள். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார், ‘மேலேர்ந்து படம் எடுக்கிறீங்களே, நாங்க தெரியறமா?’ என்று. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இதில் ஒரு நெருடலையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட வரைபடத்துக்குப் பணம் கட்டுவது கட்டடம் கட்ட வருகிறவர். கன்சல்டன்சி வருமானம் துறைகளுக்கு வேண்டியிருக்கிறது, புதுக் கருவி, ட்ரோன் எல்லாம் அதில்தான் வாங்குகிறார்கள். பணம் கொடுக்கிறவர் பக்கம் கோடு சாயாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் தனியாரிடம் விடாமல் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. நானே தனியார் கம்பெனி ஆள், இருந்தாலும் அது சரியான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். கூடவே அந்தக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது.

வெள்ளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாக. 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னைக்கென்று சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு ஏற்பாடு 2019-இல் வந்தது, தேசிய கடலோர ஆய்வு மையத்தோடு மும்பை, சென்னை ஐ.ஐ.டி.களும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்தன. மழை இவ்வளவு என்றால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல தரையின் ஏற்ற இறக்கம் துல்லியமாக வேண்டும். சென்னை தட்டையான ஊர், அரை மீட்டர் பிசகினால் வேறு தெரு மூழ்கும்.

வேலை கிடைக்குமா? பொய் சொல்ல மாட்டேன். முதல் வேலை பலருக்கு நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கோடு வரைவதாக இருக்கும், சாலை, கட்டடம், கேபிள் என்று டிஜிட்டைஸ் செய்வது, சம்பளமும் சாஃப்ட்வேர் கம்பெனி அளவுக்கு இராது. அதிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு, பைத்தான் கற்றுக்கொண்டு இரண்டு வருடத்தில் தாண்டினவர்களும் உண்டு. 2021 பிப்ரவரியில் மேப் போட முன் அனுமதி வேண்டாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியதிலிருந்து தனியார் வேலை கூடியிருக்கிறது. 2022 முதல் எம்.டெக். சேர எழுதுகிற கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸ் என்று இந்தத் துறைக்கே தனித் தாள். இஸ்ரோ, ஹைதராபாத்தில் அதன் தொலையுணர்வு மையமான என்.ஆர்.எஸ்.சி., மாநில அரசின் ஜி.ஐ.எஸ். பிரிவு எல்லாம் இருக்கின்றன, இடம் குறைவு. மேலே படிக்க டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வுக் கல்வி நிறுவனம், இல்லையென்றால் நெதர்லாந்தில் ஐ.டி.சி. என்று இதற்கான கல்வி நிறுவனம் ஒன்று உண்டு, 1950-இல் ஷெர்மர்ஹார்ன் என்ற சர்வே பேராசிரியர் தொடங்கியது, அதற்கு முன் அந்த நாட்டுக்குப் பிரதமராக இருந்தவர். சர்வே வாத்தியார் பிரதமரான கதை, சொந்தக்காரர்களிடம் சொல்ல உதவும்.

உங்கள் மகளுக்குக் கணக்கும் பிடித்து வெயிலும் பிடிக்கும் என்றால் சேருங்கள். வெயிலே ஆகாது, ஏ.சி. அறைதான் வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே போகட்டும், அதில் தப்பில்லை.

லேப்டாப்புக்கு 16 ஜி.பி. ராம் இருக்கட்டும், எஸ்.எஸ்.டி. பெரிதாக இருக்கட்டும், மற்றது எதுவானாலும் ஓடும். மென்பொருள் வாங்கவேண்டாம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், தமிழிலேயே பெயர் எழுதலாம். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே இறக்கி, செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் போட்டு, உங்கள் ஊர்க் கண்மாயின் கரையை வரையச் சொல்லுங்கள், மடையும் கலுங்கும் எங்கே இருக்கிறது என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் நீங்களே காட்டுங்கள். மென்பொருள் ஸோன் கேட்கும். சிவகங்கைக்கு 44.